மஞ்சனபெலேயில் பிள்ளைகளை இறக்கலாமா?

மே கடைசியில் அப்பா அம்மா, ரெண்டு பிள்ளைகளோட பெங்களூர் பக்கத்துல இருக்கிற மஞ்சனபெலே அணைக்குப் போறோம், தண்ணீரில் இறங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு இறக்காதீங்க சார். நீச்சல் தெரிஞ்ச காலேஜ் பசங்களே அங்கே மூழ்கியிருக்காங்க.

கோடையில் தண்ணி வத்தினதும் கரை அகலமாத் தெரியும், பார்க்கப் பத்திரமாத்தான் இருக்கும். மேலே வெடிச்சுக் காய்ஞ்ச வண்டல். தண்ணி ஓரத்துல கால் வெச்சா களி, முழங்கால் வரை புதையும். அதைத் தாண்டினா, அணை கட்டுறதுக்கு முன்னாடி அர்க்காவதி ஆறு ஓடின பள்ளம், திடீர்னு ஆழம். அணைக்குக் கீழே பாறை இடுக்குல நிக்கிற தண்ணியும் வேண்டாம். மதகு திறந்தா மட்டம் மளமளன்னு ஏறிடும்.

தண்ணி அளவை மட்டும் பார்த்து இடத்தை முடிவு பண்ணாதீங்க. பெரியவங்களுக்கு நிழலும் கழிப்பறையும் அதைவிட முக்கியம். உங்க குடும்பத்துக்கு நான் மைசூர் பக்கத்துல இருக்கிற கேஆர்எஸ் (கிருஷ்ணராஜசாகர்) அணையைத்தான் சொல்வேன். பிருந்தாவனத் தோட்டம் அணைக்குக் கீழே இருக்கு, நீர்மட்டம் முழு அளவான 124.80 அடியிலிருந்து இறங்கியிருந்தாலும் பிள்ளைகளுக்குப் பார்க்க நீரூற்று இருக்கும். பெங்களூரிலிருந்து ஒரு பக்கம் சுமார் 140 கிலோமீட்டர். சாயங்கால விளக்கும் பார்க்கணும்னா ராத்திரி மைசூரிலேயே தங்கிடுங்க. படிக்கட்டு நிறைய, அப்பாவுக்கு முட்டி வலி இருந்தா கீழ்த்தட்டுலேயே உட்கார வையுங்க.

மஞ்சனபெலேயை அக்டோபர்ல, மழைக்கப்புறம், மேலே நின்னு பாருங்க.