ஜனவரி வரை செல்லும் கடவுச்சீட்டு ஓகஸ்டில் செல்லாது

கேள்வி: 2026 ஓகஸ்ட் 23 அன்று பாரிசில் என் சித்தப்பா மகளுக்குத் திருமணம். 21ஆம் திகதி லண்டனிலிருந்து ரயிலில் போய், சித்தப்பா வீட்டில் நான்கு இரவு தங்கி, பிறகு சூரிச்சில் மச்சாள் வீட்டில் ஏழு நாள் இருந்துவிட்டு செப்டெம்பர் 1 திரும்புகிறோம். கணவரின் பிரித்தானியக் கடவுச்சீட்டு 2016 மே 20 வழங்கப்பட்டது. 2027 ஜனவரி 20 வரை செல்லும். ஒன்பது வயது மகனுடையது இந்த ஒக்டோபர் 30 வரை. நான் போன வருடம்தான் புதுப்பித்தேன். மாமியிடம் இலங்கைக் கடவுச்சீட்டும், இங்கே நிரந்தர வதிவிட உரிமையும் இருக்கின்றன. ரயிலில் போனால் மாமிக்கு விசா கேட்க மாட்டார்கள் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, ஹரோ

பதில்: அன்புச் சகோதரி, இன்றைய நிலையில் உங்கள் வீட்டில் ரயில் ஏறக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். நல்லவேளை, நேரம் இருக்கும்போதே கேட்டீர்கள்.

கணவருடையதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதில் ஏமாறாதவர்கள் குறைவு. ஷெங்கன் நாடுகளுக்குள் (தங்களுக்குள் வழக்கமான எல்லைச் சோதனை இல்லாத, ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகள்) நுழையும் நாளில் கடவுச்சீட்டு வழங்கப்பட்டுப் பத்து ஆண்டு கடந்திருக்கக் கூடாது. 2018 செப்டெம்பருக்கு முன் பிரித்தானியாவில் புதுப்பித்தவர்களுக்குப் பழையதில் மிஞ்சிய மாதங்களை, ஒன்பது மாதம் வரை, புதியதோடு கூட்டிக் கொடுத்தார்கள். அப்படி வந்ததுதான் அந்த 2027 ஜனவரி. லண்டனுக்குத் திரும்பி வர அது செல்லும். பிரான்சுக்குள் போக 2026 மே 20-உடன் அதன் கதை முடிந்துவிடும். எல்லோரும் முடியும் திகதியையே பார்க்கிறார்கள். வழங்கிய திகதி அதற்கு மேலேயே அச்சாகியிருக்கிறது, அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மகனுக்கு நேர்மாறான சிக்கல். சிறுவர் கடவுச்சீட்டு ஐந்தாண்டுதான் என்பதால் பத்தாண்டு விதி அவனைத் தொடாது. ஆனால் ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். செப்டெம்பர் 1 வெளியேறுகிறீர்கள், ஆகவே டிசெம்பர் 1 வரையாவது வேண்டும். அவனுடையது ஒக்டோபரில் முடிகிறது. இரண்டுக்கும் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். வழக்கமாக மூன்று வாரத்தில் வந்துவிடும்.

இனி மாமி. ரயிலில் கேட்க மாட்டார்கள் என்று சொன்னவரை மாமியோடு ஸ்டேஷனுக்கு அனுப்பிப் பாருங்கள்! செயின்ட் பாங்கிராஸில் பிரெஞ்சு எல்லைப் பொலிசார் லண்டன் மண்ணிலேயே உட்கார்ந்து, ஏறுவதற்கு முன் ஒவ்வொருவரையும் பார்க்கிறார்கள். நிரந்தர வதிவிட உரிமை பிரித்தானியாவுக்குள் மட்டும்தான். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா கட்டாயம்.

அந்த விசாவை எந்த நாட்டிடம் கேட்பது? கல்யாணம் பாரிசில் என்பதால் பிரான்சிடம் என்று நினைத்திருப்பீர்கள். அதிக நாள் தங்கும் நாட்டையே பிரதான இடமாகக் கொள்வது வழக்கம். நான்கு இரவு பாரிஸ், ஏழு நாள் சூரிச் என்றால் சுவிஸிடம் விண்ணப்பிப்பதுதான் சரி. சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை; ஆனாலும் 2008 முதல் ஷெங்கனில் இருக்கிறது, ஆகவே அதே விசாவில் பிரான்ஸ் வழியாக நுழையலாம். சூரிச் மச்சாளின் அழைப்புக் கடிதம், 30,000 யூரோ வரை மருத்துவச் செலவு ஏற்கும் பயணக் காப்புறுதி, திரும்பும் டிக்கெட், வெற்றுப் பக்கம் இரண்டாவது உள்ள கடவுச்சீட்டு எல்லாம் வேண்டும். கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவுக்குப் பதினைந்து நாள் என்பது விதி, 45 நாள் வரை இழுக்கவும் இடமுண்டு. கோடை விடுமுறையில் நேர்காணலுக்கு நாள் கிடைப்பதே பெரும்பாடு என்பதால், உங்கள் பட்டியலில் முதல் வேலை இதுதான். மாமியின் பிரித்தானிய வதிவிட உரிமையைக் காட்டும் மின்விசாக் கணக்கில் இப்போதைய கடவுச்சீட்டு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். திரும்பி வரும்போது அதுதான் கை கொடுக்கும்.

சித்தப்பாவுக்கும் ஒரு வேலை. பிரான்சில் உறவினர் வீட்டில் தங்குபவர்களிடம் எல்லையில் 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' என்ற சான்றிதழைக் கேட்கலாம். பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரரும் விலக்கல்ல. அவர் தன் நகரசபையில் 30 யூரோ முத்திரையோடு எடுத்து, மூலப் பிரதியையே தபாலில் அனுப்ப வேண்டும். கல்யாண வீட்டு அலைச்சலில் மறந்துவிடுவார். இப்போதே போன் செய்யுங்கள்.

2025 ஒக்டோபர் 12 அன்று தொடங்கிய புதிய எல்லைப் பதிவின்படி உங்களுக்கும் கணவருக்கும் முகப்படமும் கைரேகையும் எடுப்பார்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் படம் மட்டும். வரிசை நீளும் என்பதால் ஸ்டேஷனுக்கு முன்கூட்டியே போங்கள். இதை முன்கூட்டியே பதிந்து தருகிறோம் என்று பணம் கேட்கும் இணையதளங்களை நம்பாதீர்கள். இந்தப் பதிவு இலவசம். 20 யூரோ பயண அனுமதி என்று கேள்விப்படுவது வேறு. அதை இந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் தொடங்கப்போவதாகத்தான் அறிவித்திருக்கிறார்கள், உங்கள் பயணத்துக்கு அது வராது.

நீங்கள் கேட்காத ஒன்று. பிரித்தானியாவிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. மாமி ஆசையாகக் கட்டி வைக்கும் மட்டன் ரோல்ஸையும் நெய்ப் போத்தலையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.