‘ரன் இட் பை மீ’ என்றால் ஓடச் சொல்கிறாரா?

வணக்கம். உங்கள் மேலாளர் ‘ரன் இட் பை மீ ஃபர்ஸ்ட்’ என்று எழுதியதற்கு, அனுப்பும் முன் தன்னிடம் ஒருமுறை காட்டிக் கருத்துக் கேளுங்கள் என்றுதான் பொருள். அவசரப்படுத்தவில்லை, கோபமும் இல்லை. வரைவை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள்.

அகராதியில் ‘ரன்’ என்ற சொல்லைப் பார்த்துத் தலை சுற்றியது என்றீர்கள். சுற்றத்தான் செய்யும்! ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ என்ற சொல்தான் பெரியது, சுமார் 430 பொருள்கள். பிறகு ‘ரன்’னுக்கு வினையாக மட்டுமே 645 பொருள்கள் கணக்கானது. அத்தனையும் எந்த ஆங்கிலேயருக்கும் மனப்பாடமாகத் தெரியாது.

‘ரன்’னுக்குப் பின்னால் செயப்படுபொருள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ‘ஷீ ரன்ஸ் எ ஷாப்’ என்றால் கடை நடத்துகிறார். செயப்படுபொருள் இல்லாமல் ‘தி இன்ஜின் இஸ் ரன்னிங்’ என்றால் நம் ‘ஓடுகிறது’ அப்படியே பொருந்தும். மூக்கு ‘ரன்னிங்’ என்றால் ‘ஒழுகுகிறது’.

தொல்லை தருவது பின்னால் ஒட்டும் சிறு சொற்கள்தான். ‘ரன் அவுட் ஆஃப் மில்க்’ என்றால் பால் தீர்ந்துவிட்டது (கிரிக்கெட்டை மறந்துவிடுங்கள்). ‘ரன் இன்டு’ ஒருவரைத் தற்செயலாகச் சந்திப்பது. சுவர், லாரி என்று வந்தால் மோதுவது. ‘ரன் த்ரூ’ ஒருமுறை மேலோட்டமாகப் பார்ப்பது, அலுவலகத்தில் தினமும் காதில் விழும். இவற்றை முழுத் தொடராகவே குறித்துவையுங்கள், தனிச் சொல்லாக வேண்டாம்.

அப்புறம், தேர்தலில் நிற்பதற்கு அமெரிக்கர் ‘ரன்’ என்பார்கள், பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’. அமெரிக்காவில் ஓடுகிறார்கள், பிரிட்டனில் நம்மைப் போலவே நிற்கிறார்கள்.