கார் வழியில் நின்றால்: கட்டுப்படியாகும் உதவித் திட்டத்தை எப்படித் தேர்வது? (கேள்வி பதில்)

கார் நடுவழியில் நின்றால் வந்து பார்க்கிற ரோட்சைடு அசிஸ்டன்ஸ் திட்டங்களைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அப்படி ஒரு சேவையின் கட்டுப்பாட்டு அறையில் எட்டு வருடம் போன் எடுத்தவன் நான். எந்தத் திட்டம் இரவு இரண்டு மணிக்குக் கைகொடுக்கிறது, எது கைவிடுகிறது என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

காருக்கு முழு இன்சூரன்ஸ் இருக்கிறது சார். அப்புறம் இது தனியாக எதற்கு?

இடித்தால், திருட்டுப் போனால், வெள்ளத்தில் மூழ்கினால் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். பேட்டரி இறங்குவது, ஆணி ஏறி டயர் உட்கார்ந்துவிடுவது, கிளச் தேய்ந்து போவது எல்லாம் அதன் கணக்கில் வராது. அதற்குத்தான் இந்தத் திட்டம்.

ஆனால் புதிதாக வாங்குவதற்கு முன் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். புது கார் என்றால் தயாரித்த நிறுவனமே வாரண்டியோடு சில வருடம் கொடுத்திருக்கலாம். இன்சூரன்ஸ் பாலிசியில் ஆட்-ஆனாகச் சேர்ந்திருக்கலாம். சில வங்கிக் கணக்குகள், கிரெடிட் கார்டுகளோடும் வருகிறது. ஒரே காருக்கு மூன்று இடத்தில் பணம் கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் நான் பேசியிருக்கிறேன். மூன்று திட்டம் இருக்கிறது என்பதற்காக மூன்று வண்டி வரப்போவதில்லை.

அண்ணா, இரண்டு திட்டம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று மற்றதில் பாதி விலை. இரண்டிலும் அதே பத்து வசதி போட்டிருக்கிறது. மலிவானதை எடுத்துவிடலாமா?

அந்தப் பத்து வசதியில் ஒன்பதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள் தம்பி. பெட்ரோல் கொண்டுவந்து தருவது, சாவி உள்ளே மாட்டிக்கொண்டால் கதவு திறப்பது, டயர் மாற்றுவது எல்லாம் திட்டமே இல்லாவிட்டாலும் சமாளிக்கக்கூடிய செலவுதான். நம்மை நிஜமாக உலுக்குவது டோயிங். எனவே முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை கிலோமீட்டர் வரை இலவசமாக இழுத்துப்போவார்கள் என்பது.

அதிலும் மூன்று விஷயம் ஒளிந்திருக்கிறது. தூரத்தை எங்கிருந்து எண்ணுகிறார்கள்? கார் நின்ற இடத்திலிருந்து ஒர்க்‌ஷாப் வரை என்றால் நல்லது. டோயிங் வண்டி தன் ஷெட்டிலிருந்து புறப்பட்டுத் திரும்பிப் போகும் வரை மொத்தமாக எண்ணினால், 50 கிலோமீட்டர் என்று எழுதியிருப்பது உங்கள் கைக்கு வரும்போது இருபதோ பதினைந்தோதான். அடுத்தது, எங்கே கொண்டுபோய் விடுவார்கள்? 'அருகிலுள்ள ஒர்க்‌ஷாப்' என்று எழுதியிருந்தால், உங்கள் காரைத் தெரிந்த மெக்கானிக் பக்கத்து ஊரில் இருந்தாலும் அங்கே போக மாட்டார்கள். மூன்றாவது, ஞாயிறு இரவு ஒர்க்‌ஷாப் பூட்டியிருந்தால்? வண்டியை எங்காவது நிறுத்தி வைத்து மறுநாள் மறுபடி ஏற்ற வேண்டும். அந்த இரண்டாவது டோயிங்கும் திட்டத்தில் சேருமா என்று கேளுங்கள்.

நீங்கள் வழக்கமாகப் போகும் நீண்ட பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வழியில் ஒர்க்‌ஷாப் எதுவும் இல்லாத வெறிச்சோடிய இடம் எது? அங்கிருந்து உங்கள் காரைப் பழுது பார்க்கத் தெரிந்த ஊர் எவ்வளவு தூரம்? அந்தத் தூரம்தான் உங்களுக்குத் தேவையான வரம்பு. பாதி விலைத் திட்டம் அந்தத் தூரத்தைத் தாண்டினால் தயங்காமல் அதையே எடுங்கள். தாண்டாவிட்டால் அது உங்களுக்கு மலிவு கிடையாது. மீதிக் கிலோமீட்டருக்கு ராத்திரியில் அவர்கள் சொன்ன காசைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

கார் வீட்டு வாசலில் நின்றுபோனாலும் வருவார்களா?

எல்லாத் திட்டத்திலும் வர மாட்டார்கள். வீட்டிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு வெளியே நின்றால்தான் உதவி என்று நிபந்தனை வைக்கும் மலிவுத் திட்டங்கள் உண்டு. பிரிட்டனில் பல திட்டங்களில் கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர் கணக்கு. இதைச் சின்ன விஷயமாக விட்டுவிடாதீர்கள். பேட்டரி ஓடிக்கொண்டிருக்கும்போது சாவதைவிட, ராத்திரி முழுக்க நின்ற காரில் காலையில் செத்திருப்பதுதான் அதிகம். அதுவும் வீட்டில்தான் நடக்கும். வீட்டிலும் உதவி உண்டு என்ற சேர்க்கைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது, என் கணிப்பில், நல்ல செலவு.

அடித்தளப் பார்க்கிங்கில் கார் விடுகிறவர்களுக்கு இன்னொன்று. ஒருவர் காலை ஆறு மணிக்கு அழைத்து, "கார் நகரவே மாட்டேன் என்கிறது" என்றார். நகரவில்லை என்றதும், காரை முழுசாக மேலே ஏற்றிக்கொள்ளும் மேடை வைத்த டோயிங் வண்டியை அனுப்பிவிட்டோம். அது வாசலில் போய் நின்றது. நுழைவாயில் குறுக்குக் கம்பியில் 2.1 மீட்டர் என்று எழுதியிருந்தது. வண்டி அதைவிட உயரம், உள்ளே போக வழியில்லை. திரும்ப வரச் சொல்லி, பைக்கில் ஒரு மெக்கானிக்கை, செத்த பேட்டரிக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் பூஸ்டரோடு அனுப்பினோம். பேட்டரி செத்ததால் எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் விடவில்லை, ஆட்டோமேட்டிக் கியரும் பார்க்கிலிருந்து அசையவில்லை. பூஸ்டரை மாட்டிய ஐந்து நிமிடத்தில் இரண்டும் விட்டன. அவருக்கு மூன்று மணி நேரம் வீணானது. டாஷ்போர்டில் விளக்கு எரிகிறதா என்று நாங்கள் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். நீங்கள் அழைக்கும்போது நாங்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்: விளக்கு எரிகிறதா, சாவி திருகினால் என்ன சத்தம் வருகிறது, அடித்தளமா, உயர வரம்பு எவ்வளவு.

'வருடம் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும்' என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

அதற்குக் கீழே சின்ன எழுத்தைப் படியுங்கள். அதே கோளாறுக்கு இரண்டாவது முறை வர மாட்டோம் என்று பெரும்பாலும் இருக்கும். வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து ஜம்ப் ஸ்டார்ட் பண்ணிவிட்டுப் போவார்கள், நீங்கள் பேட்டரி மாற்றாமல் ஓட்டி அடுத்த வாரம் மறுபடி அழைத்தால் காசு கேட்பார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. சாதாரணமாக ஓட்டுகிறவருக்கு வருடம் நான்கு முறை என்று வரம்பு வைத்த திட்டமே தாராளம்.

என் கார் 14 வருடப் பழசு. யாரும் எடுத்துக்கொள்வார்களா?

எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் வயது வரம்பைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பழைய காருக்குப் பணம் வாங்கிவிட்டு, உதவி கேட்கும்போது வயதைக் காட்டி மறுத்ததை நானே பார்த்திருக்கிறேன். சர்வீஸ் பில்லை வண்டியிலேயே வையுங்கள். சரியாகப் பராமரிக்காத வண்டிக்கு உதவி கிடையாது என்ற நிபந்தனையை அவர்கள் கையில் எடுத்தால், உங்கள் பக்கம் பேசுவது அந்தக் காகிதம்தான்.

பழைய காருக்கு என் யோசனை: டோயிங் மட்டும் நன்றாக உள்ள எளிய திட்டத்தை எடுங்கள். மிச்சப் பணத்தை பேட்டரிக்கும் பெல்ட்டுக்கும் போடுங்கள். மெக்கானிக்கிடம் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி நின்ற காரில் பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டினால் நலம், 12.2-க்கு வந்துவிட்டால் சார்ஜ் பாதிதான் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். ஓடும்போதும் 12-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை, புது பேட்டரி போட்டாலும் வழியில் நிற்கும்.

வீட்டில் இரண்டு கார், ஓட்டுகிறவர்கள் மூன்று பேர். ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டுமா?

திட்டம் வண்டிக்கா, ஆளுக்கா என்று பாருங்கள் அக்கா. வண்டிக்கு என்றால் அந்தக் காரை யார் ஓட்டினாலும் வருவார்கள். ஆளுக்கு என்றால் அவர் நண்பரின் காரில் போனாலும் வருவார்கள், ஆனால் அவர் இல்லாமல் பிள்ளை காரை எடுத்துப்போய் நின்றால் வர மாட்டார்கள். 1902-இல் தொடங்கிய அமெரிக்காவின் ஏஏஏ போன்ற மோட்டார் சங்கங்கள் உறுப்பினரைத்தான் கணக்கில் எடுக்கின்றன. இன்சூரன்ஸ் கம்பெனி ஆட்-ஆன்கள் பெரும்பாலும் வண்டிக்கு. உங்கள் வீட்டில் ஓட்டுகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் வண்டிக்கு எடுப்பதே நல்லது. இரண்டையும் ஒரே இடத்தில் எடுத்தால் குறைத்துத் தருவார்களா என்று கேளுங்கள், கேட்டால் கிடைக்கும் சலுகை இது.

எலக்ட்ரிக் கார் வைத்திருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

மேடை வைத்த வண்டிதான் வரும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். எலக்ட்ரிக் காரைச் சக்கரம் தரையில் உருள இழுத்தால் மோட்டாரும் கூடவே சுற்றி மின்சாரம் உண்டாகும், உள்ளே சேதமாகும். நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்ப வேண்டும். ஃபோர் வீல் டிரைவ் கார்களுக்கும் இதேதான். சார்ஜ் தீர்ந்து நின்றால் சார்ஜிங் நிலையம் வரை கொண்டுபோவார்களா, அதற்கு வருடத்தில் எத்தனை முறை என்றும் கேளுங்கள். அப்புறம், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் உள்ளே உள்ள சிறிய 12 வோல்ட் பேட்டரி செத்தால் கார் எழாது. பலர் இதை எதிர்பார்ப்பதில்லை.

டயர் உதவி இருக்கிறதே, ஸ்டெப்னி இல்லாத காருக்கு என்ன செய்வார்கள்?

'டயர் மாற்றித் தருவோம்' என்றால் உங்கள் ஸ்டெப்னியை மாட்டித் தருவோம் என்று அர்த்தம். டயர் அவர்கள் கொண்டுவர மாட்டார்கள். ஸ்டெப்னிக்குப் பதில் பசை நிரப்பும் கிட் தந்திருந்தால், அது மேல்பக்கம் ஏறிய சின்ன ஆணி ஓட்டைக்குத்தான். பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது, டோயிங்தான். அந்தப் பசை பாட்டிலுக்குக் காலாவதி தேதி உண்டு, இன்றே எடுத்துப் பாருங்கள்.

அலாய் சக்கரத்தில் திருட்டுத் தடுப்பு நட் போட்டிருக்கிறீர்களா? அதைக் கழற்றும் சாவி உள்ளங்கை அளவு இரும்புத் துண்டு. அது இல்லாமல் நல்ல ஸ்டெப்னி இருந்தும், மெக்கானிக் வந்தும், சக்கரத்தைக் கழற்ற முடியாமல் நின்றவர்கள் எத்தனையோ பேர். வீட்டு அலமாரியில் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதை எடுத்து காரில் போடுங்கள்.

டீசல் காரில் பெட்ரோல் போட்டுவிட்டால் வருவார்களா?

சில திட்டங்களில் உண்டு, சிலவற்றில் தனிக் கட்டணம். யார் வந்தாலும் வராவிட்டாலும் சாவியைத் திருகாதீர்கள். சாவி போட்டாலே பல கார்களில் பம்ப் ஓட ஆரம்பித்துவிடும்.

முதலில் நாமே செலவு செய்து பிறகு பில் கொடுத்து வாங்கும் திட்டம் ரொம்ப மலிவாக இருக்கிறதே?

மலிவுதான். ஆனால் ராத்திரியில் டோயிங் வண்டியைத் தேடுவதும், பேரம் பேசுவதும், பணம் புரட்டுவதும் உங்கள் தலையில். திருப்பித் தருவதிலும் உச்சவரம்பு இருக்கும். ஊருக்குள்ளேயே ஓட்டி, தெரிந்த மெக்கானிக் கைவசம் இருக்கிறவருக்குப் போதும். நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

கார் இப்போதே சந்தேகமாக ஓடுகிறது. இன்று வாங்கினால் நாளை அழைக்கலாமா?

பெரும்பாலான திட்டங்களில் வாங்கிய பிறகு ஒரு நாளோ சில நாளோ காத்திருப்புக் காலம் உண்டு. ஏற்கெனவே இருந்த கோளாறு சேராது. சந்தேகம் இருந்தால் இன்றே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அப்புறம் முதல் வருட விலையை மட்டும் பார்க்காதீர்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை நிறுத்தி வைத்து, இரண்டாம் வருடம் எவ்வளவு என்று இப்போதே கேளுங்கள்.

குழந்தைகளோடு தனியாக நெடுஞ்சாலையில் ஓட்டுகிறேன். எனக்குத் திட்டத்தில் என்ன இருக்க வேண்டும்?

பயணத் தொடர்ச்சி என்ற வசதி இருக்க வேண்டும் அம்மா. டோயிங் வண்டியின் முன்பக்கத்தில் ஓட்டுநர் போக இரண்டு பேர் உட்கார்ந்தால் அதிகம். மேலே ஏற்றிய காருக்குள் ஆட்கள் உட்கார விட மாட்டார்கள், விடவும் கூடாது. அப்போது உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் டாக்ஸி யார் செலவில் என்பதுதான் கேள்வி. டாக்ஸியோ, தங்கும் இடமோ தரும் திட்டத்துக்குக் கூடக் கொடுக்கலாம், உங்களுக்கு அது வீண் செலவில்லை.

அழைக்கும்போது முதல் வாக்கியத்திலேயே "குழந்தைகளோடு தனியாக இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். நாங்கள் வரிசையில் முன்னே போடுவோம். எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தீர்கள், கடைசியாகப் பார்த்த கிலோமீட்டர் கல்லில் என்ன எண் என்பதையும் சொல்லுங்கள். நடுவில் தடுப்புள்ள சாலையில் திசை தவறினால் வண்டி பல கிலோமீட்டர் சுற்றி வர வேண்டியிருக்கும். வருகிற வண்டியின் எண்ணையும் ஓட்டுநர் பெயரையும் கேட்டு வீட்டுக்கு அனுப்புங்கள். ஹசார்ட் விளக்கைப் போட்டுவிட்டு, வாகனங்கள் ஓடாத பக்கக் கதவு வழியாகப் பிள்ளைகளை இறக்கி, பக்கவாட்டு இரும்புத் தடுப்புக்கு அப்பால், காருக்கு நேர் எதிரே நிற்காமல் வாகனங்கள் வரும் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். பின்னால் வரும் வண்டி உங்கள் காரில் மோதினால் அது முன்னால்தான் தள்ளப்படும். காருக்குள்ளேயே உட்கார்ந்து காத்திருக்க வேண்டாம், மழை பெய்தாலும்.