மதுவத்தின் இறைபோசோம் புரதங்கள்: கேள்வி பதில்

கல்முனையிலிருந்து உயர்தர மாணவி ஒருவர்: சேர், அப்ப மாவுக்குப் போடும் ஈஸ்டின் இறைபோசோம் புரதங்களும் எங்களுடையவையும் ஒன்றுதானா?

பதில்: ஒரே வழிவந்தவை, மகள், ஆனால் அச்சுப் பிசகாமல் ஒன்றானவை அல்ல. அந்த ஈஸ்டைத்தான் உங்கள் பாடநூல் மதுவம் என்கிறது. கலத்தில் புரதங்களைக் கட்டும் பொறியே இறைபோசோம். மதுவத்தின் இறைபோசோமில் 79 புரதங்கள் உள்ளன, மனிதரில் 80. இறைபோசோம் பெரிய உபஅலகு, சிறிய உபஅலகு என இரண்டு பகுதிகளால் ஆனது. மனிதரிடம் கூடுதலாக இருப்பது பெரிய உபஅலகைச் சேர்ந்த ஈஎல்28 என்ற புரதம். ஈ.கோலை பற்றீரியாவில் 54 உண்டு. இம்மூன்றுக்கும் பொதுவானவை 34.

ஏறாவூர் ஆசிரியர் ஒருவர்: மதுவத்தின் எல்25 என்ற இறைபோசோம் புரதத்தைப் பற்றீரியாவின் எல்23 உடன் ஒப்பிடுகிறார்கள். எண் ஏன் பொருந்துவதில்லை?

பதில்: மாணவர் பலர் இடறி விழும் இடம் இது. ஆரம்ப காலத்தில் ஒவ்வோர் உயிரியின் புரதங்களையும் ஜெல்லில் பிரித்து, அவை நின்ற இடத்தைப் பார்த்துத் தனித்தனியாக எண்ணிட்டார்கள். ஆகவே ஒரே எண் ஒரே புரதத்தைக் குறிக்கும் என்று நம்பி ஒப்பிட்டால், உறவே இல்லாத இரண்டை அருகருகே வைத்துவிடுவோம். பற்றீரியாவின் எல்23, மதுவத்தின் எல்25, மனிதரின் எல்23ஏ ஆகிய மூன்றும் ஒரே குடும்பம். 2014 இல் முன்மொழியப்பட்ட பெயரீட்டில் மூன்றுக்கும் யுஎல்23 என்பதே பெயர். எல்லா உயிரிகளிலும் இருப்பவற்றுக்கு முன்னே ‘யு’, பற்றீரியாவுக்கே உரியவற்றுக்கு ‘பி’, மதுவம், மனிதர் போன்ற மெய்க்கருவுயிரிகளுக்கு உரியவற்றுக்கு ‘ஈ’ சேர்கிறது. பெயரைவிட இருப்பிடம் இன்னும் தெளிவாகப் பேசும்: புதிய புரதச் சங்கிலி வெளியேறும் சுரங்கத்தின் வாயிலில்தான் யுஎல்23 எங்கும் நிற்கிறது. பற்றீரியாவில் சங்கிலி மடிய உதவும் துணைப் புரதம் அதில் வந்து ஒட்டுகிறது. மதுவத்தில் சங்கிலியைக் கலத்தினுள் இருக்கும் சவ்வு வலையான அகமுதலுருச் சிறுவலைக்கு அழைத்துச் செல்லும் துணிக்கையும் அதே இடத்தையே பற்றிக்கொள்கிறது. எண்ணை மறந்து இருப்பிடத்தைப் பாருங்கள் என்றே மாணவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து ஆய்வுகூட உதவியாளர் ஒருவர்: புரத உற்பத்தியை நிறுத்தும் சைக்ளோஹெக்சிமைட் என்ற மருந்து சில மதுவங்களை மட்டும் ஏன் தடுப்பதில்லை?

பதில்: ஒரேயோர் அமினோ அமிலம் காரணம். பெரிய உபஅலகில், அமினோ அமிலங்களைச் சுமந்துவரும் டிஆர்என்ஏ வேலை முடிந்து வெளியேறும் இடத்தில் அந்த மருந்து பொருந்திக்கொள்கிறது. அருகில் ஈஎல்42 என்ற புரதம் இருக்கிறது. அப்ப மாவின் மதுவத்தில் அதன் 56 ஆம் இடத்தில் புரோலீன் உள்ளது. குளுவெரோமைசெஸ் லாக்டிஸ் என்ற மதுவத்தில் அவ்விடத்தில் குளூட்டமீன் இருப்பதால், அது மருந்துக்குப் பணிவதில்லை. சாதாரண மதுவத்திலும் அந்த ஒன்றை மாற்றியபோது எதிர்ப்பு வந்துவிட்டது! பற்றீரியாவிடம் ஈஎல்42 என்ற புரதமே கிடையாது. அவற்றையும் இம்மருந்து தடுப்பதில்லை.

வந்தாறுமூலையிலிருந்து பல்கலைக்கழக மாணவர் ஒருவர்: மதுவத்தில் பல புரதங்களுக்கு இரண்டு பரம்பரையலகுகள் ஏன்?

பதில்: ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அதன் மூதாதையின் மரபுத்தொகுதி, அதாவது பரம்பரையலகுகள் அனைத்தும், இரட்டித்தது. இரட்டிப்பில் வந்த பெரும்பாலான பிரதிகள் பின்னர் தொலைந்தன. இறைபோசோம் புரதங்களில் 59 இன் பரம்பரையலகுகள் மட்டும் இன்றும் இணையாகவே இருக்கின்றன.

மட்டக்களப்பிலிருந்து தாதி ஒருவர்: இந்த ஒப்பீடு நோயாளிக்கு உதவுமா?

பதில்: உதவியிருக்கிறது, தங்கச்சி. செங்குருதிக் கலங்கள் போதியளவு உருவாகாத பிறவி நோயான டயமண்ட் பிளக்ஃபான் குருதிச்சோகையில், சிறிய உபஅலகைச் சேர்ந்த ஈஎஸ்19 புரதத்தின் பரம்பரையலகு பழுதடைவதை 1999 இல் கண்டார்கள். நோயாளிகளிடம் காணப்பட்ட விகாரங்களை மதுவத்தின் ஈஎஸ்19 இல் ஏற்படுத்திப் பார்த்தபோது, சிறிய உபஅலகு முதிர்ச்சியடையாமல் நின்றது தெரியவந்தது. மனிதக் கலங்களிலும் அதே பழுதைத்தான் கண்டார்கள்.