நடுவில் நின்றுபோன விரல்கள்

அன்பான ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு 20 வயது. யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். ஏழு வயதில் சேர்ச்சில் இருந்த பழைய பியானோவில் பழகத் தொடங்கினேன். எனக்கென்று ஒன்று வாங்க அம்மா தன் காப்புகளை விற்றார். இரண்டு வருடமாகக் கொழும்பில் ஓர் ஆசிரியரிடம் படிக்கிறேன். வெள்ளி இரவு பஸ் ஏறினால் திங்கள் விடியத்தான் வீடு.

இந்த வருடம் எல்லாம் வேகமாக நடக்கிறது. கொழும்பில் மூன்று கச்சேரி, பத்திரிகையில் படம், இப்போது சென்னையில் வாசிக்க அழைப்பு. சந்தைக்குப் போனாலும் "பியானோப் பிள்ளை" என்கிறார்கள்.

ஆனால் மூன்றாவது கச்சேரியில் இசையமைப்பாளர் சோப்பினின் இ பிளாட் நொக்டர்ன் என்ற பியானோ உருப்படி (ஒபஸ் 9, இலக்கம் 2) பாதியில் மறந்துபோனது. 13 வயதிலிருந்து வாசிக்கிறது அது! எங்கேயோ தாவி முடித்துவிட்டு எழும்பினேன். ஒருவரும் கவனிக்கவில்லை என்றார் அம்மா. அன்றிலிருந்து மூடியைத் திறந்தாலே, இந்த வெயிலிலும், கை குளிர்ந்துவிடுகிறது. நித்திரை இல்லை. மேடை ஏறுமுன் போட ஒரு குளிசை இருக்கிறது என்று கூடப் படிக்கும் பெண் சொல்கிறாள். சென்னைக்கு வரவில்லை என்று எழுதிவிடலாமா? அம்மாவின் வெறுங்கையைப் பார்த்தால் அதுவும் முடியவில்லை.

ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

அன்பான பிள்ளைக்கு,

பயம் வந்தால் உடல் விரல்களிலிருந்து ரத்தத்தை இழுத்துப் பெரிய தசைகளுக்கு அனுப்பும். அதனால்தான் கை குளிர்கிறது. மேடைக்கு முன் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கையை வைத்திரும். மூச்சை எடுப்பதைவிட நீளமாக வெளியே விடும்.

அந்த நொக்டர்னில் ஒரே மெட்டுத் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் அலங்காரம் கூடும். பல்லவிக்குச் சங்கதி போடுவது போல. எந்தச் சங்கதியில் நிற்கிறோம் என்பது விரலுக்கு மட்டும் தெரிந்திருந்தால், மனம் ஒரு கணம் சபைப் பக்கம் திரும்பியதும் தொடர்ச்சி அறுந்துவிடும். சின்ன வயதில் படித்த உருப்படிகளில் இது கூடுதலாக நடக்கும். அவற்றைக் கைதான் பழகியிருக்கும். எனவே இடது கையை மட்டும் வாசித்துப் பாரும். பியானோ இல்லாமல் கண்ணை மூடி முழுவதையும் மனதில் ஓட்டிப் பாரும். நடுவில் நாலைந்து இடங்களைக் குறித்து, அங்கிருந்தே தொடங்கப் பழகும்.

இசைத்தாளைப் பார்த்து வாசிப்பதும் குறையில்லை. பியானோ மேதை ரிக்டர் கடைசிக் காலத்தில் மண்டபத்தை இருட்டாக்கி, சின்ன விளக்கு வெளிச்சத்தில் தாளைப் பார்த்தே வாசித்தார். இன்னொரு பியானோ மேதை ஹொரோவிட்ஸ் 1953 முதல் 1965 வரை பொதுக் கச்சேரி செய்யாமல் இருந்து திரும்பி வந்தார்.

அந்தக் குளிசை ப்ரோப்ரனோலோலாக இருக்கலாம். அது இதயத் துடிப்பைக் குறைக்கும், தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கு ஆபத்து. வைத்தியர் சொல்லாமல் தொடவே வேண்டாம். நித்திரை இப்படியே போனால் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு ஒரு தடவை போய் வாரும்.

சரி, இவ்வளவும் விரலுக்கு. உம்முடைய கடிதத்தை இரண்டாம் தடவை வாசித்தபோது என் மனதில் நின்றது அந்தக் காப்பு. ஒவ்வொரு கச்சேரியிலும் ஒரு காப்பை மீட்கிறேன் என்று நினைத்து வாசிக்கிறீரோ என்று படுகிறது. அப்படியானால் ஒரு சுரம் தவறினாலும் தவணை தவறிய மாதிரித்தான் இருக்கும். அம்மாவும் அந்தக் கணக்கை வைத்திருக்கிறாரா? நீர் கேட்டதில்லை என்றே நினைக்கிறேன். எங்கள் வீடுகளில் பிள்ளையின் படிப்புக்கு விற்ற நகையைப் பற்றி, காணியைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. நானும் அப்படியான வீட்டில் வளர்ந்தவள். என் அம்மாவிடம் கேட்காமல் விட்டது இன்றும் நெஞ்சில் கிடக்கிறது.

சென்னைக்கு இப்போதே மறுப்பு எழுத வேண்டாம். இரண்டு கிழமை அவகாசம் கேளும். அதற்குள் ஒரு பின்னேரம் அம்மாவைப் பக்கத்தில் இருத்தி அந்த நொக்டர்னை வாசியும். மறந்த இடம் வந்ததும் வேண்டுமென்றே நிறுத்தி, "இங்கேதான் அம்மா" என்று காட்டும். பிறகு காப்பைப் பற்றிக் கேளும். அவர் சொன்னதை எனக்கு எழுதுவீரா?