வாசகர் கேள்வி – பதில்: எத்தனை பேரல், எத்தனை நாள்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கச்சா எண்ணெயைப் பற்றித்தான். போர், தடை, ஓபெக் (எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பு) கூட்டம், தேர்தல், மின்சார வண்டி என்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மேற்கு ஆசியாவில் தாக்குதல் என்று செய்தி வந்ததுமே எண்ணெய் விலை எகிறுகிறது. அந்த நேரத்தில் எண்ணெய் நிறுவனப் பங்குகளை வாங்கினால் லாபம்தானே என்று இரண்டு முறை வாங்கினேன், இரண்டு முறையும் நட்டம். எங்கே தவறுகிறேன்?

பதில்: செய்தி உங்கள் காதுக்கு வரும்போது பயம் ஏற்கெனவே விலையில் ஏறியிருக்கும். அதற்குப் பிறகு விலை இன்னும் ஏற வேண்டுமானால், எல்லோரும் பயந்ததைவிட மோசமாக ஏதாவது நடக்க வேண்டும். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது, அக்டோபருக்குள் பேரல் விலை 40 டாலரைத் தாண்டிவிட்டது. 1991 ஜனவரி 17 அன்று அமெரிக்கக் கூட்டணியின் விமானத் தாக்குதல் தொடங்கியபோது விலை இன்னும் ஏறும் என்றுதானே எவரும் நினைப்பார்கள்? அன்று ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு இறங்கியது, 32 டாலரிலிருந்து 21 டாலர் சொச்சத்துக்கு. சவுதியின் கிணறுகளுக்கு ஆபத்து இல்லை என்பதும், அமெரிக்கா தன் அவசர இருப்பைத் திறக்கிறது என்பதும் தெரிந்தவுடன் ஐந்து மாதமாகச் சேர்ந்த பயம் சில மணி நேரத்தில் கரைந்துவிட்டது. 2025 ஜூனிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். இஸ்ரேல் ஈரானைத் தாக்குவதற்கு முதல் நாள் பிரென்ட், அதாவது உலகச் சந்தை அளவுகோலாக வைத்திருக்கும் கச்சா எண்ணெய், 69 டாலர், ஒரு வாரத்தில் 79 டாலர் பக்கம் போனது, ஜூன் 24 அன்று போர் நிறுத்தம் வந்தபோது 67. போருக்கு முன்பு இருந்ததைவிடக் கீழே!

அதனால் ஒவ்வொரு செய்தியிடமும் மூன்று விஷயம் கேளுங்கள். எத்தனை பேரல் நிஜமாகவே நின்றுபோனது, எத்தனை நாளுக்கு, அதை ஈடுகட்டும் எண்ணெய் யார் கையில் இருக்கிறது. உலகம் ஒரு நாளைக்குச் செலவழிப்பது சுமார் 10 கோடி பேரல், அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். 2019 செப்டம்பர் 14 அன்று சவுதியின் அப்கைக், குரைஸ் நிலையங்கள் தாக்கப்பட்டபோது நாளுக்கு 57 லட்சம் பேரல் நின்றது. சவுதி உற்பத்தியில் பாதி, சாதாரண அளவு இல்லை. திங்கட்கிழமை சந்தை திறந்ததும் விலை தாவியது, அன்று மட்டும் 15 சதவீதம் அளவுக்கு ஏற்றம். ஆனால் "எத்தனை நாள்" என்ற கேள்விக்குப் பதில் சில வாரம்தான் என்று தெரிந்துவிட்டது, மாதம் முடியும்போது விலை கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே திரும்பியது. அந்தத் திங்கட்கிழமை வாங்கியவர்களில் நானும் ஒருவன், ஆகவே உங்கள் வருத்தம் எனக்குத் தெரியும்.

அப்படியானால் 1973 மட்டும் ஏன் வேறு மாதிரி ஆனது? அரபு நாடுகள் உற்பத்தியைக் குறைத்து, சில நாடுகளுக்கு எண்ணெயையே நிறுத்தியபோது 3 டாலர் அளவில் இருந்த விலை 1974 ஜனவரியில் 12 டாலருக்குப் பக்கத்தில் போய் அங்கேயே நின்றது, திரும்பவில்லை. இங்கே மூன்றாவது கேள்வியைப் பாருங்கள். அதற்கு முன்பெல்லாம் இப்படித் தட்டுப்பாடு வந்தால் டெக்சாஸ் கிணறுகளைக் கூடுதலாகத் திறந்து அமெரிக்கா சமாளித்துவிடும். 1972 வாக்கில் டெக்சாஸ் ஏற்கெனவே முழு அளவில் ஓடிக்கொண்டிருந்தது, கூடுதலாகத் திறக்க எதுவும் மிச்சமில்லை. ஈடுகட்ட ஆள் இல்லை என்பதுதான் 1973-ஐ 1973 ஆக்கியது.

இன்று அந்த உபரித் திறன், அதாவது ஒரு மாதத்துக்குள் கூடுதலாக எடுக்கக்கூடிய எண்ணெய், பெரும்பாலும் சவுதி, ஐக்கிய அரபு அமீரகம் போன்ற வளைகுடா நாடுகளிடம்தான் இருக்கிறது. இதனால்தான் வளைகுடாவிலிருந்து கப்பல்கள் வெளியே வரும் குறுகிய கடல்வழியான ஹோர்முஸ் நீரிணை என்ற பெயர் வரும் செய்தியை மட்டும் நான் இரண்டு முறை படிக்கிறேன். 2024 கணக்குப்படி நாளுக்கு சுமார் 2 கோடி பேரல் அந்த வழியாகப் போனது, உலகச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு. வேறு எங்கோ தட்டுப்பாடு வந்தால் ஈடுகட்ட வேண்டிய நாடுகளே அந்தக் கதவுக்கு உள்பக்கம் இருக்கின்றன. செங்கடல் கரையிலுள்ள யான்புவுக்குச் சவுதியின் குழாய் போகிறது, நீரிணைக்கு வெளியே உள்ள புஜைராவுக்கு அமீரகத்தின் குழாய் போகிறது, ஆனால் இரண்டும் சேர்ந்தாலும் 2 கோடி பேரலைச் சுமக்காது. ஆகவே ஒரு சேமிப்புக் கிடங்கில் தீ என்பதும் நீரிணையில் கப்பல் போகவில்லை என்பதும் தொலைக்காட்சியில் ஒரே மாதிரிதான் தெரியும், முதலீட்டாளருக்கு அவை இரண்டும் ஒன்றே அல்ல.

கேள்வி: ஓபெக் உற்பத்தியைக் குறைக்கிறது என்று அறிவிக்கிறது, ஆனாலும் விலை இறங்குகிறது. இது எப்படி?

பதில்: அறிவிப்பில் இருப்பது ஒவ்வொரு நாடும் எவ்வளவு எடுக்கலாம் என்ற ஒதுக்கீட்டு அளவு, கப்பலில் ஏறுவது எண்ணெய். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். 2022 அக்டோபரில் ஓபெக்கும் ரஷ்யா முதலிய கூட்டாளிகளும் நாளுக்கு 20 லட்சம் பேரல் குறைப்பதாகச் சொன்னார்கள். பல உறுப்பு நாடுகள் அதற்கு முன்பே தங்கள் ஒதுக்கீட்டை எட்ட முடியாமல் இருந்தன, ஆகவே நிஜக் குறைப்பு அதில் பாதி அளவுதான் இருக்கும் என்று அப்போதே கணக்குப் போட்டார்கள். டிசம்பர் தொடக்கத்தில் பிரென்ட் 80 டாலருக்குக் கீழே வந்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. குறைத்த எண்ணெய் எங்கும் போய்விடவில்லை, கிணற்றில்தான் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம் என்பது வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். இதை முழுதாகப் புரிந்துகொள்ள 1980-களைப் படியுங்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். விலையைத் தாங்கிப் பிடிக்க சவுதி தன் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டே வந்தது, 1981 வாக்கில் நாளுக்கு 1 கோடி பேரலுக்குப் பக்கத்தில் இருந்தது 1985 கோடையில் 25 லட்சத்துக்கும் கீழே. அந்த இடைவெளியை வட கடல், அலாஸ்கா, மெக்சிகோ எண்ணெய் நிரப்பியது. கடைசியில் சவுதி பொறுமை இழந்து குழாயைத் திறந்தது, 1986 நடுவில் விலை 10 டாலர் பக்கம் விழுந்தது. அந்த வருடத்தில்தான் ஈரானும் ஈராக்கும் வளைகுடாவில் ஒன்றன் எண்ணெய்க் கப்பலை மற்றொன்று சுட்டுக்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். கப்பல்கள் எரிகின்றன, விலை பாதிக்கும் கீழே. 2014 நவம்பரில் ஓபெக் குறைக்க மறுத்தபோதும், 2020 மார்ச்சில் சவுதியும் ரஷ்யாவும் மோதிக்கொண்டபோதும் சந்தையில் யார் அதிகம் விற்பது என்ற அதே சண்டைதான்.

கேள்வி: அமெரிக்காவில் எண்ணெய்க்கு ஆதரவான ஆட்சி இருந்தால் எண்ணெய்ப் பங்குகளையும், பசுமை ஆட்சி இருந்தால் சூரிய மின்சாரப் பங்குகளையும் வாங்கினால் போதும் என்கிறார் என் நண்பர். சரியா?

பதில்: கடந்த ஆட்சிகளை எடுத்துப் பார்த்தால் உங்கள் நண்பர் சொன்னதற்கு நேர்மாறாக நடந்திருக்கிறது. டிரம்பின் முதல் நான்காண்டில், அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களின் பங்குக் குறியீடான எஸ் அண்ட் பி 500-இல் எரிசக்தித் துறைதான் கடைசி இடம். அந்த ஆட்சி முடியும் 2020-இல் சுத்த எரிசக்திப் பங்குகளின் உலகக் குறியீடு இரு மடங்குக்கு மேல் ஏறியது. பைடன் வந்தார், சுத்த எரிசக்திப் பங்குகள் சரியத் தொடங்கின, எண்ணெய்ப் பங்குகள் 2021, 2022 இரண்டிலும் எல்லாத் துறைகளையும் முந்தின. அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸான் மொபில் 1928 முதல் டோ ஜோன்ஸ் பங்குக் குறியீட்டில் இருந்தது, 2020 ஆகஸ்டில் வெளியே அனுப்பினார்கள், அந்த ஆண்டு நட்டம் 2,240 கோடி டாலர். இரண்டே ஆண்டு கழித்து 5,570 கோடி டாலர் லாபம். நடுவில் அந்த நிறுவனத்துக்காக எந்த அரசும் வானத்தை வில்லாய் வளைக்கவில்லை. கொரோனாவில் படுத்த தேவை எழுந்தது, உக்ரைன் போர் வந்தது, அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் யாரும் புதுக் கிணறுகளில் அதிகம் பணம் போடாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் கச்சா எண்ணெய் உற்பத்தியும் அப்படியே. பைடன் காலத்தில்தான் அது நாளுக்கு 1.3 கோடி பேரலைத் தாண்டியது. அரசு நிலத்தைக் குத்தகைக்குத் தரலாம், துளையிடுவதா வேண்டாமா என்பதை நிறுவனங்கள் விலையைப் பார்த்துத்தான் முடிவு செய்கின்றன. அமெரிக்க மத்திய வங்கியின் டெக்சாஸ் பக்கக் கிளையான டாலஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கி 2025-இல் அந்தப் பகுதி நிறுவனங்களிடம் கேட்டபோது, புதுக் கிணறு லாபம் தர சராசரியாக 65 டாலர் விலை வேண்டும் என்றன. விலையும் குறைய வேண்டும், உற்பத்தியும் பெருக வேண்டும் என்று ஓர் அரசு சொன்னால் இந்த எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கொள்கைக்குப் பலம் இல்லை என்று சொல்லவில்லை. மானியத்தையே நம்பி நிற்கும் தொழிலை அது ஒரு கையெழுத்தில் உலுக்கிவிடும். அமெரிக்காவில் புது மின்சாரக் காருக்கான 7,500 டாலர் வரிச்சலுகை 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோட் ஐலண்ட் கடற்கரைக்கு அப்பால் 80 சதவீதம் கட்டி முடிந்திருந்த ஒரு காற்றாலைத் திட்டத்தை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது, கட்டிய டென்மார்க் நிறுவனத்தின் பங்கு விழுந்தது, அடுத்த மாதம் நீதிமன்றம் வேலையைத் தொடரலாம் என்றது. ஒரு நிறுவனத்தின் லாபத்தில் எவ்வளவு பங்கு சட்டத்திலிருந்து வருகிறது என்று ஆண்டறிக்கையில் தேடுங்கள். யார் ஜெயிப்பார் என்று கணிப்பதைவிட அது பயனுள்ள வேலை.

கேள்வி: கச்சா எண்ணெய் ஏறினால் சுத்திகரிப்பு நிறுவனத்துக்கு லாபமா, நட்டமா?

பதில்: அவர்களுக்குக் கச்சா எண்ணெய் என்பது வாங்கும் சரக்கு. டீசலும் பெட்ரோலும் விற்கும் விலைக்கும் கச்சா விலைக்கும் உள்ள இடைவெளிதான் அவர்கள் சம்பாத்தியம். அந்த இடைவெளியைப் பாருங்கள்.

கேள்வி: தனிப் பங்கு ஆபத்து என்று எண்ணெய் விலையைப் பின்தொடரும் ஃபண்டில் போட்டேன். எண்ணெய் விலை திரும்ப ஏறியும் என் ஃபண்டு ஏறவில்லை. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை, ஆனால் இதை விற்கும்போதே யாராவது உட்கார வைத்து விளக்கியிருக்க வேண்டும். ஃபண்டு எண்ணெயை வாங்கிக் கிடங்கில் வைப்பதில்லை. அடுத்த மாத எண்ணெய்க்கு இன்றே விலை பேசும் முன்பேர ஒப்பந்தத்தை வாங்குகிறது, அது முடியும் முன் விற்றுவிட்டு அதற்கடுத்த மாதத்துக்கு மாறுகிறது. அடுத்த மாத விலை கூடுதலாக இருந்தால், சந்தைக்காரர்கள் கான்டாங்கோ என்பார்கள், ஒவ்வொரு முறை மாறும்போதும் அதே பணத்துக்குக் கொஞ்சம் குறைவான எண்ணெய்தான் உங்கள் கையில் இருக்கும். 2020-இல் அமெரிக்கக் கச்சா எண்ணெய் ஆண்டு முழுவதும் சேர்த்து ஐந்தில் ஒரு பங்குதான் இறங்கியது, அதைப் பின்தொடர்ந்த மிகப் பெரிய ஃபண்டு மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. நேர்மாறாக, அடுத்த மாத விலை குறைவாக இருக்கும் காலத்தில் இதே மாற்றம் உங்களுக்குச் சாதகமாக வேலை செய்யும். ஆகவே ஃபண்டு வாங்கும் முன் வரிசையாக ஆறு மாத ஒப்பந்தங்களின் விலையைப் பாருங்கள். இலவசமாகவே கிடைக்கிறது.

கேள்வி: மின்சார வண்டிகள் வந்துவிட்டன. எண்ணெய்ப் பங்குகளை இப்போதே விற்றுவிடலாமா?

பதில்: நார்வேயில் 2024-இல் விற்ற புதுக் கார்களில் 89 சதவீதம் மின்சாரக் கார், சீனாவில் செருகிச் சார்ஜ் செய்யும் ஹைபிரிட்டையும் (மின்சாரமும் பெட்ரோலும் சேர்ந்து ஓடும் கார்) சேர்த்தால் பாதிக்குப் பக்கம். மாற்றம் நிஜம்தான். ஆனால் சாலையில் ஓடும் பழைய வண்டிகள் மெதுவாகத்தான் குறையும், விமானமும் பிளாஸ்டிக்கும் வேறு இருக்கின்றன. அதைவிட, பழைய வயல்கள் தானாகவே வற்றிக்கொண்டு போகின்றன. எண்ணெய், எரிவாயு எடுக்கப் போடும் முதலீட்டில் கிட்டத்தட்ட 90 சதவீதம் வெறுமனே அந்த வற்றலை ஈடுகட்டவே போகிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை 2025-இல் சொன்னது. தேவை தேய்ந்தாலும் முதலீடு அதைவிட வேகமாகத் தேய்ந்தால் விலை ஏறும். எந்த ஆண்டில் எது முந்தும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஈவுத்தொகையை நம்பி வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒரு முறைகூடக் குறைக்காத ஷெல், 2020 ஏப்ரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டியது.

கேள்வி: ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியை வைத்துக் கச்சா எண்ணெய் முன்பேர வர்த்தகம் செய்கிறேன். இப்போது நட்டத்தில் இருக்கிறேன். விலை இதற்கு மேல் இறங்காது என்பதால், கடன் வாங்கி இன்னும் வாங்கி சராசரியைக் குறைக்கலாமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், இரவு முழுவதும் மனதில் இருந்தது. வேண்டாம்.

இதற்கு மேல் இறங்காது என்று எண்ணெயில் ஒரு தரை கிடையாது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. ஒப்பந்தம் முடிய ஒரு நாள் இருந்தது, வைத்திருந்தவர்கள் ஓக்லஹோமாவின் குஷிங்கில் எண்ணெயை எடுத்துக்கொள்ள வேண்டும், அங்கே கிடங்குகளில் இடம் இல்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்று பணம் கொடுத்துத் தள்ளினார்கள். பங்கு வாங்கினால் போட்ட பணம்தான் போகும். முன்பேர ஒப்பந்தத்தில் போட்டதற்கு மேலும் கடனாளி ஆகலாம். நீங்கள் சொல்வது போல நீண்ட காலத்தில் விலை ஏறும் என்பது சரியாகவே இருக்கட்டும், அந்தக் காலம் வரை மார்ஜின், அதாவது புரோக்கர் கேட்கும் பிணைத் தொகை, கட்ட உங்களால் முடியுமா? புரோக்கர் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்.

கைவசம் உள்ள ஒப்பந்தத்தை அடுத்த வர்த்தக நாளிலேயே முடித்துவிடுங்கள், நட்டத்தோடுதான், தெரிந்தேதான் சொல்கிறேன். மீதிப் பணம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். அன்று இரவே அந்தத் தாளை வீட்டில் காட்டிவிடுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள், அந்தப் பணத்தை எங்கே வைப்பது என்று சேர்ந்து பார்க்கலாம்.