தொண்டி ரெண்டு ஆனது எப்படி? தமிழ்க் கோப்புப் பெயர், தரவுத்தளம்: கேள்வி பதில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும் இந்த இரண்டு மாதத்தில்தான் கம்பெனிக்காரர்களும் சங்கத்துக்காரர்களும் வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட கம்ப்யூட்டர் வேலையைக் கையில் எடுக்கிறார்கள். அப்புறம் என்னைத் தேடுகிறார்கள். பெரும்பாலும் ஒரே புகார்தான்: தமிழில் போட்டேன், காணவில்லை. வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பிரிண்டர், ரூட்டர் கேள்விகள் வேண்டாம்.

நண்டுக் கம்பெனிக் கணக்கர், தொண்டி: சர்வரில் 'தொண்டி' என்று ரெண்டு ஃபோல்டர் இருக்கு. ஒண்ணுல பில் எல்லாம் இருக்கு, இன்னொண்ணு காலி. ஒரே பேர்ல ரெண்டு எப்படி வரும்?

ஒரே பெயர் இல்லை, அண்ணே. உங்கள் கண்ணுக்குத்தான் ஒன்று.

எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கும் பொதுத் தரம்தான் யூனிகோட். அதில் 'தொ' என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம். த, அதன்பின் 'ொ' என்ற ஒரே குறி. இது ஒரு விதம். த, ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்றாகப் பிரித்து வைப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். உள்ளே முதல் 'தொண்டி' 6 குறிகள், 18 பைட். இரண்டாவது 'தொண்டி' 7 குறிகள், 21 பைட். லினக்ஸ் சர்வருக்குத் தமிழ் தெரியாது, பைட்தான் தெரியும். 18-ம் 21-ம் ஒன்றா? இல்லை. ஆகவே ரெண்டு ஃபோல்டர்.

பிரித்தது யார்? உங்கள் அலுவலகத்தில் யாரோ ஆப்பிள் மேக் வைத்திருக்கிறார்கள். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை எந்தப் பெயரையும் பிரித்துத்தான் சேமிக்கும். அதற்குப் பதிலாக 2017-இல் வந்த ஏபிஎஃப்எஸ், கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்கிறது. ஆனால் பழைய டிஸ்க்கிலிருந்து ஏற்கெனவே பிரிந்து வந்த பெயர்கள் பிரிந்தேதான் இருக்கும். விண்டோஸும் லினக்ஸும் இதைச் சரிபார்ப்பதில்லை.

சேர்த்த வடிவத்துக்கு என்எஃப்சி, பிரித்த வடிவத்துக்கு என்எஃப்டி என்று பெயர். வாசலிலேயே என்எஃப்சி ஆக்கிவிடுங்கள். கோப்புப் பெயரோ, தேடல் பெட்டியில் அடித்ததோ, எக்செலிலிருந்து வந்ததோ, எதுவானாலும் உள்ளே நுழையும்போதே மாற்ற வேண்டும். பைத்தான், ஜாவா, பிஎச்பி என்று எந்த நிரல் மொழியிலும் ஒரு வரி வேலைதான். ஏற்கெனவே உள்ள பெயர்களை மாற்ற லினக்ஸில் கன்வ்எம்வி என்று ஒரு கருவி உண்டு. அது முதலில் ஒத்திகைதான் பார்க்கும், தனியாக உத்தரவு கொடுத்தால்தான் மாற்றும். பேக்கப் எடுக்காமல் அந்த உத்தரவைக் கொடுக்காதீர்கள்.

இந்த வியாதி ஒகர, ஓகார, ஔகாரம் வரும் பெயர்களுக்குத்தான். பாம்பன், மண்டபம், கீழக்கரைக்கெல்லாம் வராது.

லாட்ஜ் மேனேஜர், தேவிபட்டினம்: தர்ப்பணத்துக்கு வருகிறவர்கள் பேரைத் தமிழில் பதிந்தோம். இப்போது எல்லாம் கேள்விக்குறியாகத் தெரிகிறது. மீட்க முடியுமா?

வெறும் கேள்விக்குறிதான் என்றால் முடியாது. தமிழுக்கு இடமில்லாத ஓர் எழுத்துத் தொகுப்பில் போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு எழுத்தையும் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டது. பெயர் போனது போனதுதான். பேக்கப் இருந்தால் உண்டு.

தலையில் சாய்ந்த கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், இந்த ஜோடி திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியென்றால் கும்பிடு போடுங்கள், ஒன்றும் தொலையவில்லை. யூனிகோடைப் பைட்டாகச் சேமிக்கும் முறை யுடிஎஃப்-8. அதில் போட்ட தமிழை லத்தீன்-1 என்ற பழைய ஐரோப்பிய எழுத்துத் தொகுப்பு என்று தப்பாக வாசித்தால் அப்படித்தான் வரும். உங்கள் தரவுத்தளம் மைஎஸ்கியூஎல் என்றால் அந்த நெடுவரிசையை முதலில் பைனரி வகைக்கு மாற்றி, அங்கிருந்து யுடிஎஃப்8எம்பி4-க்கு (அதில் முழு யுடிஎஃப்-8-க்கு வைத்த பெயர்) மாற்றுங்கள். நேராக மாற்றினால் குப்பையைக் குப்பையாகவே பத்திரப்படுத்தும். பேக்கப்.

இன்னொருவர்: எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்தில் யூனிகோடுக்கான என்வார்சார் வகை வைத்தும் கேள்விக்குறி வருகிறதே?

கட்டளையில் தமிழுக்கு முன் வரும் மேற்கோள் குறிக்கு முன்னால் ஆங்கிலப் பெரிய எழுத்து 'என்' போடவில்லை. போடுங்கள்.

கல்லூரி மாணவி, ராமநாதபுரம்: ஊர்ப் பெயருக்கு எத்தனை எழுத்து இடம் விட வேண்டும்?

நல்ல கேள்வி, தங்கச்சி. நம் ஊரையே எடுத்துக்கொள். 'இராமநாதபுரம்' நாம் எண்ணினால் 8 எழுத்து. யூனிகோட் எண்ணினால் 12 குறி. யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 36. இணைய முகவரிக்குள் விழுக்காட்டுக் குறியோடு போனால் 108. மைஎஸ்கியூஎல்லில் எழுத்து நெடுவரிசைக்கான வார்சார் வகையில் கொடுக்கும் எண், குறிகளின் எண்ணிக்கை. ஆரக்கிள் தரவுத்தளத்தில் நீயாகச் சொல்லாவிட்டால் அது பைட். இடம் போதாமல் வெட்டு விழுந்தால் முதலில் போவது புள்ளி: 6 குறிக்குள் 'மண்டபம்' நுழைந்தால் 'மண்டபம' என்று வெளியே வரும். தாராளமாக இடம் விடு. இன்றைக்கு டிஸ்க் ஒன்றும் விலை இல்லை.

சங்கச் செயலாளர், பாம்பன்: மனுவின் தலைப்பையே கோப்புப் பெயராக வைத்தால் சர்வர் ஏற்க மறுக்கிறது.

லினக்ஸில் பெயருக்கு உச்ச வரம்பு 255 பைட். மூன்றால் வகுத்தால் 85 தமிழ்க் குறி. உங்கள் மனுத் தலைப்பு "மாண்புமிகு" தாண்டுவதற்குள் ஒரு பாகம் தீர்ந்துவிடும். இன்னொன்று: படகுப் பதிவு எண்ணைச் சிலர் சாய்கோடு போட்டு எழுதுகிறார்கள். கோப்புப் பெயரில் சாய்கோடு கூடாது, அதை ஃபோல்டர் என்று நினைத்துக்கொள்ளும். சிறு கோடு போடுங்கள். என்னைக் கேட்டால், கோப்புக்கு எண்ணைப் பெயராக வைத்துவிட்டுத் தலைப்பைத் தரவுத்தளத்தில் வையுங்கள்.

அதே செயலாளர்: எண் வைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. போன புயலில் சர்வர் நனைந்து போனது. டிஸ்க்கை மட்டும் பிழைக்க வைத்தோம். தரவுத்தளம் திறக்கவில்லை. 4417, 4418 என்று ஆயிரக்கணக்கில் கோப்பு. எது யார் மனு என்று யார் சொல்வது?

பேக்கப் எங்கே என்று கேட்க வந்தேன், அடக்கிக்கொள்கிறேன்.

தனியார் நிறுவன நிரலாளர், பரமக்குடி: இதற்குத்தான் சொல்வது, ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் ஒரு பிரச்சினையும் கிடையாது.

வாங்க தம்பி, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். கீழக்கரையை ஆங்கிலத்தில் எழுதுங்கள். 'கீ'-க்கு ஈ ஒன்றா ரெண்டா, ஐ-யா? 'க்க'-வுக்குக் கே ஒன்றா ரெண்டா? ஒரே அலுவலகத்தில் மூன்று பேர் மூன்று விதமாக எழுதுவார்கள். தொண்டிக்கு எச் உண்டா இல்லையா என்று கேட்டால் தொண்டிக்காரர்களே ஒத்துப்போக மாட்டார்கள். யூனிகோட் செய்வது ரெண்டு தொண்டிதான்; உங்கள் ஆங்கிலம் நாலு கீழக்கரை செய்யும். யூனிகோட் கோளாறுக்காவது ஒரு வரியில் மருந்து உண்டு.

பரமக்குடி: 2024-க்கு அப்புறமும் தமிழ்ப் பெயரில் உடையும் பழைய மென்பொருள் எத்தனை தெரியுமா?

தெரியும். விண்டோஸில் தமிழுக்குப் பழைய ஆன்சி எழுத்துப் பக்கமே (யூனிகோடுக்கு முந்தைய எழுத்துப் பட்டியல்) கிடையாது, யூனிகோட் மட்டும்தான். ஆகவே யூனிகோட் தெரியாத நிரலில் தமிழ்ப் பெயர் திறக்காது. அது அந்த நிரலைத் தூக்கிப்போடக் காரணம், தமிழைத் தூக்கிப்போட அல்ல.

செயலாளர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன்: முன்னால் எண், பின்னால் ஒரு குட்டித் தமிழ்ப் பெயர். '4417-டோக்கன்-மனு' என்பது போல. நிரல் எண்ணை மட்டும் பார்க்கட்டும், மனிதர் பெயரைப் பார்க்கட்டும். தரவுத்தளம் போனாலும் கண்ணால் தேடலாம்.

பரமக்குடி: இருந்தாலும்...

போதும் தம்பி. மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

மதரஸா அலுவலகம், கீழக்கரை: 'மௌலவி' என்று தேடினால் பாதிப் பேர் வருவதில்லை. என்எஃப்சி போட்டாகிவிட்டது.

காக்கா (கீழக்கரையில் அண்ணன்), இது என்எஃப்சிக்கு அடங்காது. 'மௌ'-வுக்கு ஔகாரக் குறி போடாமல், ம, கொம்பு, பிறகு 'ள' என்ற எழுத்தையே தட்டியிருக்கிறார்கள். பார்வைக்கு ஒன்றுதான், யூனிகோடுக்கு அது 'மெள'. எழுத்துப் பிழை. 'ஸ்ரீ' வரும் பெயர்களிலும் இதே கதை: ஸகரம் வைத்து ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரம் வைத்து ஒன்று. தேடலுக்கென்று தனி நெடுவரிசை வைத்து, இந்த ஜோடிகளை ஒன்றாக்கி அதில் போடுங்கள். அசல் பெயரைத் தொடாதீர்கள். அது ஆதார் அட்டையில் இருக்கும் பெயர்.

உச்சிப்புளி: என் கோப்பெல்லாம் பாமினியில் இருக்கு, பேர் ஆங்கிலக் கிறுக்கலா தெரியுது.

பாமினி என்ற பழைய எழுத்துரு ஒரு முகமூடி. உள்ளே ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ் உருவம். அதில் புள்ளி என்பது அரைப்புள்ளி விசை. லினக்ஸில் கட்டளை தட்டும் ஷெல்லில் அரைப்புள்ளி வந்தால் கட்டளை முடிந்தது என்று பொருள். மேற்கோள் குறி இல்லாமல் அந்தப் பெயரைக் கொடுத்தால் விபரீதம். எழுத்துரு மாற்றி நிரலில் போட்டு யூனிகோட் ஆக்குங்கள்.

சாயல்குடி: பாமினி கோப்பு...

மேலே பாருங்கள்.

ஏர்வாடி: வானவில் எழுத்துருவில்...

பெயர்தான் வேறு, வியாதி அதே. மேலே.

ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்புல்லாணி: பழைய நிலப் பத்திரங்களைத் தட்டச்சு செய்கிறேன். மா, காணி, முந்திரி குறிகளைத் தரவுத்தளம் ஏற்க மறுக்கிறதே?

ஐயா, இந்தக் கேள்விக்காகவே இவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிகள் 2019-இல் யூனிகோட் 12-இல்தான் வந்தன. 'தமிழ் சப்ளிமென்ட்' என்ற தனிப் பகுதி, 51 குறிகள். 320-இல் ஒன்றான முந்திரி, 80-இல் ஒன்றான காணி, 20-இல் ஒன்றான மா, குறுணி, பதக்கு எல்லாம் உண்டு. நம் வழக்கமான தமிழ் எழுத்துக்கு 3 பைட் போதும், இவற்றுக்கு 4 வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் 'யுடிஎஃப்8' என்று பெயர் வைத்திருப்பது 3 பைட்டோடு நின்றுவிடும் அரைகுறை. தமிழ் ஓடுகிறதே என்று எல்லோரும் அதையே நம்பி இருந்துவிடுகிறார்கள். யுடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள்; 8.0 பதிப்பிலிருந்து அதுதான் இயல்பு. குறி கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று அர்த்தம், தரவு பத்திரமாகவே இருக்கும். ஒரு வேண்டுகோள்: குறிக்குப் பக்கத்திலேயே பின்னத்தை எண்ணாகவும் ஒரு நெடுவரிசையில் வையுங்கள், கூட்டிப் பார்க்க உதவும்.

ரேஷன் பட்டியல் தட்டச்சர், மண்டபம்: கவிதாவுக்கு முன்னால் கழுகுமலை வருகிறார். அகரவரிசை தப்பு.

யூனிகோட் எண் வரிசை ல, ள, ழ, வ. நம் வரிசை ல, வ, ழ, ள. எண்ணை வைத்து அடுக்காமல் மொழி வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் என்றால் 10-ஆம் பதிப்பிலிருந்து ஐசியூ என்ற நிரல் தொகுப்பின் தமிழ் வரிசை உண்டு.

பாம்பன், இளைஞர்: பாமினி...

தம்பி.

தொண்டிக் கணக்கர், மறுபடியும்: சொன்னபடி செய்தோம். தொண்டி ஒண்ணாயிடுச்சு, நன்றி. இப்ப தனுஷ்கோடி ரெண்டு தெரியுது.

ஸ்கிரிப்டில் 'தொண்டி' என்று மட்டும் எழுதிக் கொடுத்தீர்களா, அண்ணே? 'கோ'-விலும் கொம்பும் காலும் இருக்கின்றன. எல்லா ஃபோல்டருக்கும் ஓட்டுங்கள். பேக்கப் எடுத்த பிறகு.